மூக்கு வெட்டாத துண்டு

சனிக்கிழமைச் சந்தையை மரீஸ் முழுசாகப் பார்த்ததே கிடையாது. இத்தனைக்கும் அவள் வேற்றூர்க்காரி இல்லை. மோன்ஃபெரோலில் பிறந்து, மோன்ஃபெரோலில் கல்யாணம் கட்டி, மோன்ஃபெரோலிலேயே புருஷனைத் தொலைத்தவள். கோடையில் வெளியூர்க்காரர்கள் வாரக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் விடுமுறை வீடுகளைச் சுத்தம் செய்வது அவள் பிழைப்பு. அந்த வீடுகள் கைமாறுகிற நாள் சனிக்கிழமை. காலையில் பழைய ஆட்கள் காலி செய்வார்கள், சாயங்காலம் புது ஆட்கள் காரில் வந்து இறங்குவார்கள். நடுவில் கிடக்கிற பொழுது முழுக்க மரீஸுக்குத்தான். படுக்கை விரிப்பை உருவு, கழிவறையைத் தேய், குளியல் தொட்டியின் துளையிலிருந்து யாரோ ஒருத்தியின் முடியை இழுத்தெடு. அதே பொழுதில்தான் கீழே சர்ச் சதுக்கத்தில் சந்தை கூடும். கடைசி மூட்டைத் துணியை மெஷினில் போட்டுவிட்டு அவள் படியிறங்கி ஓடிவரும்போது கடைக்காரர்கள் குடையை மடக்கிக்கொண்டிருப்பார்கள். வெடித்த முலாம்பழம், அடிபட்ட பீச், நசுங்கிய தக்காளி எல்லாம் அவளுக்கென்று மேசைக்கடியில் ஒரு பெட்டியில் காத்துக்கிடக்கும்.

அந்த மரீஸுக்குத் திங்கட்கிழமை துலூஸ் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். நாக்கின் அடியில் புற்று. பாதி நாக்கை எடுத்துவிடுவார்கள், அப்புறம் கதிர்வீச்சு. விழுங்குவதையே புதிதாகப் பழக வேண்டியிருக்கும், ருசி திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னால் என்ன அர்த்தம் என்று மகள் கொராலிக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தில் முதல்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். துலூஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நாசூக்கான பேச்சுக்குள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளமே.

ஆஸ்பத்திரி வாசலில் காரைக் கிளப்பாமல் உட்கார்ந்தபடியே கேட்டாள்: "திங்கக்கிழமைக்கு முன்னாடி உனக்கு என்னம்மா வேணும்? எதுன்னாலும் சொல்லு."

"சந்தைக்குப் போகணும். காலைலயே. அவங்க போற மாதிரி."

"எவங்க?"

"அவங்கதான்டி. தொப்பியப் போட்டுக்கிட்டு, கூடைய மாட்டிக்கிட்டு, ஒரே கடைல மணிக்கணக்கா நின்னு மோந்து பாக்குறாங்களே, அவங்க." கைப்பையின் வாரை முறுக்கினாள். "அப்புறம்... சிரிக்கக் கூடாது. சீஸோட மூக்க ஒரே ஒரு தடவ முழுசாத் திங்கணும்."

கொராலி சிரிக்கவில்லை. காரைக் கிளப்பினாள்.

ப்ரீ என்கிற சீஸ் வண்டிச் சக்கரம் மாதிரி வட்டமாக இருக்கும். அதைக் கேக் போல முக்கோணத் துண்டுகளாக வெட்டி விற்பார்கள். துண்டின் கூர்முனைக்குப் பெயர் மூக்கு. இருப்பதிலேயே மெத்தென்ற இடம் அது. அதனாலேயே அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வது மரியாதை கெட்ட காரியம். பக்கவாட்டில் நீளமாகச் சீவ வேண்டும். அப்போதுதான் மேசையில் இருக்கிற எல்லாருக்கும் கொஞ்சம் மூக்கு, கொஞ்சம் தோல் என்று சமமாகக் கிடைக்கும். பிள்ளைகளுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லித்தரும்போதே இதையும் சொல்லித்தந்துவிடுவார்கள். அதாவது, வீட்டுக்கு முழுத் துண்டு வருகிறவர்கள் சொல்லித்தருவார்கள்.

மரீஸ் வீட்டுக்கு முழுத் துண்டு வந்ததில்லை. விடுமுறைக்காரர்கள் சனிக்கிழமை காலை கிளம்பும்போது பிரிட்ஜில் விட்டுவிட்டுப் போவதுதான் வரும். பாதி பாட்டில் பால், மூன்று துண்டு பன்றித்தொடை, ஒரு விரல் ஆழம் ஜாம், திறந்து வைத்த வெண்ணெய். விடுமுறை என்றால் ஜனங்களுக்கு மரியாதையும் விடுமுறைதான் போலிருக்கிறது. ஊரில் ஒழுங்காகச் சீவுகிறவர்களும் இங்கே வந்தால் நேராக மூக்கில்தான் கை வைப்பார்கள். மூக்கு போன சீஸைத்தான் மரீஸ் பையில் போட்டு எடுத்துவருவாள். வந்ததும் அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டு, அடுத்தவர் கத்தி பட்ட இடத்தையெல்லாம் நேராகச் சீவி, துண்டைச் சதுரமாக்கி, தட்டில் வைப்பாள்.

அதனால் கொராலி சீஸ் என்றாலே நாலு பக்கம் உள்ளது என்று நினைத்து வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை வரைந்துகூடக் காட்டினாள். டீச்சர், இது செங்கலா என்று கேட்டாள். பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம், ஒரு தோழி வீட்டு விருந்தில், முழுத் துண்டு ப்ரீயை அவள் பக்கம் நகர்த்தி, நீயே ஆரம்பி என்றார்கள். முக்கோணம் என்னவோ குறையாக இருப்பதாகத்தான் கொராலிக்குப் பட்டது. கூர்முனையை நறுக்கித் தட்டோரம் ஒதுக்கி, துண்டைத் தனக்குத் தெரிந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தாள். மேசையில் எல்லாக் கண்களும் அந்தத் தட்டோரத்துக்குப் போயின. தோழியின் அம்மா புன்னகைத்தாள். "உங்க பக்கம் இப்படித்தான் வெட்டுவாங்களா, கண்ணு?" அந்தப் புன்னகையைக் கொராலி இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

ஆகவே அவள் வீடு பிடித்தாள். மரீஸ் சுத்தம் செய்கிற வீடுகளிலேயே அழகானது, ஊர்மேட்டில் அத்திமரத்தடியில் கல்மேசை போட்ட வீடு. யாரோ கடைசி நேரத்தில் வேண்டாம் என்றதால் வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை காலியாக இருந்தது. சொந்தக்காரி மதாம் தெல்வோ போர்தோவில் பல் டாக்டர். எதிர்ச் சந்தில் இருக்கிற இன்னொரு வீடும் அவளுடையதுதான். மரீஸுக்குப் பிறந்த வீட்டுப் பெயர், கொராலிக்கு அப்பாவின் குடும்பப் பெயர் என்பதால் வாடகைக்கு எடுப்பது யார் என்று மதாமுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கொராலி வாசல் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். பின்பக்கம், துணி துவைக்கிற அறைக் கதவடியில் கையில் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இங்க என்ன பண்ற?"

"பழக்கதோஷம்."

"முன்னாடி வாம்மா."

"முன்வாசல்ல மண்ணு ஒட்டிடும்டி. அந்தக் கல்லு சீக்கிரம் கறை பிடிக்கும்."

"பிடிக்கட்டும். நாம வாடகை குடுத்திருக்கோம்."

மரீஸ் வந்தாள். வந்தவள் வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். அன்று ராத்திரி முழுக்கப் படுக்கையின் ஒரு ஓரத்திலேயே, விரிப்பு கசங்காமல் படுத்திருந்தாள்.

*

மறுநாள் காலை அவள் நீலக் கவுன் போட்டுக்கொண்டாள். கொராலியின் பட்டமளிப்புக்கு வாங்கியது. தொப்பியும் வைத்துக்கொண்டாள், கூடையும் மாட்டிக்கொண்டாள். சதுக்கத்துக்கு இறங்குகிற படிகளின் உச்சியில் நின்றுவிட்டாள். கீழே குடைகளெல்லாம் விரிந்திருந்தன. கோழி வறுபடுகிற புகை சர்ச் சுவரில் மோதி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு இருக்குடி," என்றாள். "நான் பாக்கும்போதெல்லாம் வெறும் பெட்டிதான் இருக்கும்."

முலாம்பழக்காரன் ரெய்மோன் அவளைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான். "யாரு, மரீஸா! என்ன இது, கடிகாரம் கெட்டுப்போச்சா? இன்னும் கடையே விரிச்சு முடிக்கல, அதுக்குள்ள வசூலுக்கு வந்துட்ட!"

"வசூலுக்கு இல்ல. வாங்க வந்திருக்கேன்."

"தொப்பி வேறயா! பாரீஸ்காரின்னு நெனச்சு வெலைய ஏத்திச் சொல்லிடப் போறேன், ஜாக்கிரதை." சொல்லிக்கொண்டே பழக்கத்தில் குனிந்து மேசைக்கடியில் இருந்த பெட்டியை இழுத்தான்.

"அது வேணாம் ரெய்மோன். மேல இருக்கறது."

அவன் நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், பக்கத்தில் விறைத்து நின்ற மகள் முகத்தைப் பார்த்தான். பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டான்.

"ருசிக்கு ஒரு கீத்து குடு," என்றாள் மரீஸ்.

"உனக்கா? முப்பது வருஷமா என் பழத்தத் திங்கிற, உனக்கு என்ன ருசி காட்டணும்?"

"அவங்களுக்கெல்லாம் குடுக்கற இல்ல? எனக்கும் குடு."

கொடுத்தான். ஒரு ஆங்கிலேயத் தம்பதிக்கு அறுத்து வைத்ததிலிருந்து நல்ல கீற்றாகப் பார்த்துக் கத்திமுனையில் நீட்டினான். அவள் அதை வாயின் வலது பக்கத்துக்குத் தள்ளி, மெதுவாக, வெகு மெதுவாக மென்றாள். இடது பக்கம் எரியும். கொராலி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரி, எப்ப சாப்பிட?" என்றான் ரெய்மோன். எல்லாரிடமும் அவன் கேட்கிற கேள்விதான். வேளை தெரிந்தால்தான் பழத்தைத் தேர்ந்து தர முடியும். இன்று மதியத்துக்கு ஒரு பழம், நாளை ராத்திரிக்கு வேறொரு பழம்.

"இன்னைக்கு ஒண்ணு. நாளைக்கு ஒண்ணு."

அவன் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி, காம்படியைக் கட்டைவிரலால் அமுக்கி, முகர்ந்து, இரண்டை எடுத்து வைத்தான். மூன்றாவதாக ஒன்றையும் எடுத்தான். "இது திங்கக்கிழமைக்கு. இப்ப கல்லு மாதிரி இருக்கும், ஆனா திங்கக்கிழமை பாரு..."

"திங்கக்கிழமைக்கு வேணாம்."

"சும்மா வச்சுக்க. காசு கேக்கல."

"வேணாம் ரெய்மோன்," என்றாள் மரீஸ். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "திங்கக்கிழமைக்கு எதுவும் வேணாம்."

ஊரில் யாருக்கும் விஷயம் தெரியாது. உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் லீவு என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். பரிதாபப்படுகிறவன் கொடுக்கிற பழம் தொண்டையில் இறங்காது என்பது அவள் கட்சி.

அப்புறம் அவர்கள் எல்லாக் கடையிலும் நின்றார்கள். வாங்க வேண்டும் என்றில்லை, நிற்க வேண்டும். மரீஸ் பூண்டுச் சரத்தைத் தூக்கிக் கனம் பார்த்தாள். வால்நட் எண்ணெயில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றாள். தேன்காரனிடம் எது எந்தப் பூவின் தேன் என்று கேட்டு, ஒவ்வொன்றிலும் குச்சி விட்டு நக்கினாள். அவன் ஐந்தாவது குச்சியை நீட்டும்போது, "மதாம், பாட்டிலோட குடிச்சிருங்களேன்," என்றான். அவள் சிரித்த சிரிப்பில் தொப்பி நழுவியது. அம்மா இப்படிச் சிரித்துக் கொராலி பார்த்து எத்தனை காலம்! அவளுக்கு யாரையாவது பிடித்து அடிக்க வேண்டும் போலிருந்தது. யாரை என்று தெரியவில்லை. இந்தச் சதுக்கம் முழுக்க, கோடை முழுக்க, இப்படி நக்கிக்கொண்டும் முகர்ந்துகொண்டும் நடக்கிறவர்கள் யாரையும் அடித்துப் பயனில்லை. அவர்கள் படுத்த விரிப்பை மேலே ஒருத்தி உருவிக்கொண்டிருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும், பாவம், நல்ல பெண்மணி என்பார்கள்.

சீஸ் கடையில் மரீஸ் ப்ரீயைக் காட்டினாள். கடைக்காரி நிக்கோல் நீளக் கத்தியைச் சக்கரத்தின் மேல் வைத்து, இவ்வளவு போதுமா என்று நகர்த்திக் காட்டினாள்.

"இன்னும் கொஞ்சம். மூக்கு சேதாரமில்லாம வரணும்."

"என்ன மரீஸ், பெரிய இடத்து விருந்தா?"

"ஆமா," என்றாள் மரீஸ். "எனக்கு."

*

மேட்டு வீட்டுக்குத் திரும்பி, அத்திமரத்தடிக் கல்மேசையில் எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டிருந்தபோது மரீஸின் போன் அடித்தது. திரையில் மதாம் தெல்வோ. மரீஸ் எழுந்து நின்று எடுத்தாள். மதாமிடம் பேசும்போது அவள் எப்போதும் நின்றுதான் பேசுவாள், மதாம் போர்தோவில் இருந்தாலும்.

"சொல்லுங்க மதாம்... ஆமா மதாம்... ஐயோ, காய்ச்சலா? எப்பலேர்ந்து?... இல்ல, ஊர்லதான் இருக்கேன்... சரி மதாம். சரி. பாத்துக்கறேன்."

வைத்தாள். கொராலி கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்ன சரி?"

"எனக்குப் பதிலா வேலைக்கு வர்ற சான்த்ரின் இருக்கால்ல, அவ பையனுக்குக் காய்ச்சலாம். வர முடியலயாம். பாவம், அதுக்கு யாரு இருக்கா, ஒத்தக் கையால ரெண்டு பிள்ளைய வளக்குது. எதுத்த வீட்டு ஆளுங்க காலைலயே போய்ட்டாங்க. புது ஆளுங்க நாலு மணிக்கு வந்துருவாங்க."

"வரட்டும்."

"அழுக்கு வீட்டுக்கா?"

"உனக்கென்னம்மா? நீ லீவு."

"ரெண்டு மணி நேர வேலைடி. முடிச்சுட்டு வந்து சாப்பிடலாம்."

"திங்கக்கிழமை உன் நாக்க வெட்டப் போறாங்க," என்றாள் கொராலி.

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள். அந்த வார்த்தையை அதுவரை இருவருமே வாயில் எடுக்கவில்லை.

மரீஸ் மேசைமேல் சிந்தியிருந்த ரொட்டித் துகளை உள்ளங்கையில் கூட்டி எடுத்தாள். "தெரியும்," என்றாள். "அதுக்காக? என் கை நல்லாத்தான இருக்கு. நான் பாத்துக்கிற வீட்டுல இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் ஒரு முடியக் கண்டதில்ல. நாலு மணிக்குப் பிள்ளகுட்டியோட வந்து எறங்கி எச்சில் தட்டப் பாத்துட்டு நிக்கும்ங்க. அத நெனச்சுக்கிட்டு இங்க உக்காந்து நான் எதத் திங்கிறது? எறங்குமா சொல்லு."

இறங்காது. கொராலிக்கு அது புரிந்துவிட்டது, புரிந்ததே ஆத்திரமாக இருந்தது. இங்கே வாதாடினால் அவள் ஜெயித்துவிடுவாள், அதுதானே அவள் படித்த படிப்பு. ஜெயித்தபின் அம்மா இந்தக் கல்மேசையில் உட்கார்ந்து, எதிர் வீட்டையே பார்த்துக்கொண்டு, ருசி தெரியாமல் மென்றுகொண்டிருப்பாள். அதைத் திங்கட்கிழமைக்கு அப்புறமும் செய்துகொள்ளலாமே.

மரீஸின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"என்னடி பண்ற? குடு இங்க."

அதற்குள் கொராலி மதாமின் எண்ணை அழுத்தி, எதிர்முனையில் எடுத்தும்விட்டார்கள். "வணக்கம் மதாம். நான் மரீஸோட பொண்ணு. ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியட்டும்னுதான் கூப்பிட்டேன். உங்க அத்திமர வீட்ட இந்த ரெண்டு நாளைக்கு எடுத்திருக்கறது நாங்கதான். நீங்க வேலைக்குக் கூப்பிட்டது உங்க வாடகைக்காரங்கள."

"அப்படியா! எனக்குத் தெரியவே தெரியாதே," என்றாள் மதாம் தெல்வோ. உண்மையான சந்தோஷம் குரலில். "அப்ப இன்னும் வசதியாப் போச்சு. எதுத்த வீடுதானே!"

கொராலி போனை அணைத்தாள். மரீஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று கொராலி பயந்துபோனாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா அப்படித்தான்டி," என்றாள். "கெட்டவ இல்ல. கண்ணு தெரியாது, அவ்வளவுதான்."

"சாவியக் குடு."

"எதுக்கு?"

"நான் போறேன். நீ உக்காரு."

"நீயா?" மரீஸின் முகம் மாறியது. "வேணாம். அதுக்கா உன்னப் படிக்க வச்சேன்?"

"குடும்மா."

"தண்ணிக் கொழாய் மூட்டுல சுண்ணாம்பு படிஞ்சிருக்கும். வினிகர் போட்டுத் தேய்க்கணும். உனக்குத் தெரியாது..."

"பத்து வயசுலேர்ந்து சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை உன் வாளியத் தூக்கிக்கிட்டு யாரு வந்தாளாம்? பக்கத்து வீட்டுக்காரியா?" கொராலி தலைமுடியைத் தூக்கிக் கட்டினாள். "அந்தச் சீஸ வெளிய எடுத்து வை. நான் வர்றதுக்குள்ள நல்லா எளகியிருக்கும்."

*

இனி ஜென்மத்துக்கும் துடைப்பத்தைத் தொடுவதில்லை என்று கொராலி சபதம் போட்டது பதினெட்டாவது வயதில், துலூஸ் பஸ்ஸில். சபதம் போட்டது மூளை. கைகளிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கைகள் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தன. விரிப்பை நாலு மூலையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே இழுப்பில் உருவுவது, தலையணை உறையைத் தாடையில் கவ்விக்கொண்டு மாட்டுவது, மேலிருந்து கீழே, உள்ளிருந்து வாசலுக்கு. வியர்வை கண்ணில் இறங்கியது. குளியல் தொட்டியின் துளையிலிருந்து நீளமான சிவப்பு முடி வந்தது, வந்துகொண்டே இருந்தது. வாய்விட்டுத் திட்டினாள். வீட்டில் யாருமில்லை என்பதால் நன்றாகவே திட்டினாள்.

கடைசியாக பிரிட்ஜ். திறந்தாள். காய்ந்துபோன பாதி முலாம்பழம். வெண்ணெய்க்குள் ரொட்டித் துகள். அடித்தட்டில் மெழுகுத்தாளில் சுற்றிய ப்ரீ, மூக்கு போனது. வெட்டுக்கூட நேராக இல்லை. யாரோ நின்றபடியே, பிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே, பிட்டுத் தின்ற மாதிரி இருந்தது.

கொராலியின் இடது கை பையைத் தேடியது. பை இல்லை. கொண்டுவரவில்லை. அப்படியே நின்றாள். இந்தக் குளிர் முகத்தில் அடிக்க, இதே இடத்தில்தான் அம்மா வாராவாரம் நின்றிருக்கிறாள். எது கெட்டது, எது பிள்ளைக்கு ஆகும் என்று முகர்ந்து முகர்ந்து பிரித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து முதுகைக் காட்டிக்கொண்டு சதுரமாகச் சீவியிருக்கிறாள். இவர்கள் எச்சிலை மகள் தின்கிறாள் என்பது மகளுக்குத் தெரியாமல் இருக்க எவ்வளவு பாடு! அந்தப் பாட்டின் பலனாகத்தான் ஒரு விருந்து மேசையில் மகள் தலைகுனிந்தாள். அன்று ஊருக்கு வந்து அம்மாவிடம் கத்தியிருக்கிறாள்: சீஸ் வெட்டக்கூட எனக்குச் சொல்லித்தரல நீ. அம்மா என்ன சொல்லியிருக்க முடியும்?

எல்லாவற்றையும் வாரிக் குப்பைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினாள். வினிகரால் உள்ளே துடைத்தாள். கதவை மூடினாள்.

சந்து வழியாகத் திரும்பும்போது மூட்டை கட்டிய கார் ஒன்று மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது. பின்கண்ணாடியில் இரண்டு குழந்தைகள் மூக்கை ஒட்டிவைத்திருந்தன.

*

மரீஸ் மரத்தடி நாற்காலியில் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, தொப்பி மடியில். பகலில் அம்மா தூங்கி கொராலி பார்த்ததில்லை. மேசைமேல் தட்டுகள் கவிழ்த்து வைத்தபடி இருந்தன. ஒரு துண்டு ரொட்டிகூடக் குறையவில்லை. வலை மூடிக்குள் ப்ரீ இளகி, வெட்டுப்பக்கம் மெல்லப் புடைத்து வழிய ஆரம்பித்திருந்தது.

நாற்காலியை இழுத்த சத்தத்தில் மரீஸ் விழித்தாள். "சுண்ணாம்பு?"

"போயிடுச்சு."

"கட்டிலுக்கு அடில?"

"பாத்துட்டேன்மா. ஒரு முடி கெடையாது. இப்ப சாப்பிடு."

முதலில் முலாம்பழம். ரெய்மோன் சொன்னது பொய்யில்லை, இந்த வேளைக்கென்றே பழுத்திருந்தது. அப்புறம் குளிர்ந்த வறுத்த கோழி, சின்னச் சின்னதாகக் கிழித்து. பேசாமல் சாப்பிட்டார்கள். வெயில் மேசையிலிருந்து இறங்கிச் சுவருக்குப் போயிற்று. பிறகு மரீஸ் வலை மூடியை எடுத்தாள், கத்தியை எடுத்தாள்.

கத்தி மூக்குக்கு மேல் போய் நின்றது. நின்று, தானாகப் பக்கவாட்டுக்கு நகர்ந்தது. அவள் திரும்பக் கொண்டுவந்தாள். மறுபடி நகர்ந்தது.

"என்னம்மா?"

"முடியலடி." கொஞ்சம் வெட்கமாகச் சிரித்தாள். "நீயும் இருக்கும்போது நான் மட்டும் எப்படி... ஆளுக்குப் பாதின்னா சரி."

"எனக்கு வேணாம். நான் என் பங்க அன்னைக்கே வெட்டிட்டேன், காலேஜ் சிநேகிதி வீட்டு விருந்துல. வெட்டித் தட்டோரம் தள்ளிட்டேன்."

மரீஸ் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை அவள் கேட்டதில்லை. கத்தல் மட்டும்தான் கேட்டிருக்கிறாள்.

"ஏன் தள்ளின?"

"சீஸு சதுரம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

மரீஸ் கையை நீட்டி மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வினிகர் வாடை அடிக்கிற கை. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். கொராலி மறுகையால் கத்தியை வாங்கினாள். குறுக்கே, நேராக, தயவுதாட்சண்யம் இல்லாமல் மூக்கை வெட்டி அம்மாவின் தட்டில் வைத்தாள்.

மரீஸ் அதை ரொட்டி இல்லாமல் தின்றாள். வலது பக்கமாக ஒதுக்கி, கண்ணை மூடாமல், எதிரே மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டே. விழுங்க நேரமாயிற்று.

"எப்படி?" என்றாள் கொராலி.

"ம்." நாக்கால் பல்லைத் துழாவினாள். "உப்பு கொஞ்சம் கம்மி." இன்னும் யோசித்தாள். "ஓரத்துல இருக்கறதும் இதேதான்டி. இவ்வளவு நாளா நாம தின்னதும் இதேதான். ஒண்ணும் பெருசா வித்தியாசம் இல்ல." அப்படிச் சொன்னவள், தட்டில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து, அந்த விரலை வாயில் வைத்து, வெகுநேரம் எடுக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரை ஊர்ச் சந்தைக்குப் போனார்கள். வாத்துக் கொழுப்பில் வறுத்த உருளைக்கிழங்கைக் காகிதத்தில் வாங்கி, பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து தின்றார்கள். பீச் சாறு எரிந்தது, ஆனாலும் மரீஸ் விடவில்லை. திரும்பும்போது அவளே ஒரு கடையில் நின்று எதையோ வாங்கிக் கூடையில் போட்டாள். கொராலி கவனிக்கவில்லை.

சாயங்காலம் கிளம்புகிற நேரம். விரிப்பை உருவக் கூடாது, தரையைத் துடைக்கக் கூடாது, நாளை சான்த்ரின் வந்து செய்வாள் என்று கொராலி சட்டம் போட்டிருந்தாள். காரில் பைகளை வைத்துவிட்டு வந்தால் அம்மா பிரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா! தொடைக்காதன்னு சொன்னேன்ல?"

"தொடைக்கல."

பிரிட்ஜ் காலியாக, சுத்தமாக இருந்தது. நடுத்தட்டில் மெழுகுத்தாள் விரித்து ஒரு துண்டு ப்ரீ. புதிது. கத்தி படாதது. மூக்கோடு.

"யாருக்கு?"

"சான்த்ரினுக்கு."

"அவளாலதான நேத்து பொழுது போச்சு?"

"அவ பையனுக்குக் காய்ச்சல்டி." மரீஸ் தாளின் ஓரத்தைச் சரிசெய்தாள். "ரெண்டு பிள்ளைங்க. சின்னது இந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் போகுது. படமெல்லாம் வரையச் சொல்லுவாங்க."

கொராலி உள்ளே கைவிட்டு, துண்டைத் தாளோடு மெல்லத் திருப்பினாள். தோல் பக்கம் சுவரைப் பார்க்க, கூர்முனை கதவைப் பார்க்க. திறந்ததும் முதலில் அதுதான் கண்ணில் பட வேண்டும்.

"போலாமா?" என்றாள்.

மரீஸ் பிரிட்ஜ் கதவைச் சாத்தினாள். ரப்பர் ஒட்டியிருக்கிறதா என்று பழக்கத்தில் ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். பிறகு கூடத்தின் குறுக்கே, செருப்புக் காலோடு, முன்வாசல் வழியாக வெளியே போனாள்.